படத்தில் இருந்த மேசை

என் அண்ணி பல வருஷமாக ஒரு பிரேம் கடையில் வேலை பார்க்கிறாள். கண்ணாடி வெட்டுவாள், சட்டம் அடிப்பாள், ஓரத்துக்கு அட்டை கத்தரிப்பாள். ஊராரின் கல்யாணப் படம், பட்டம் வாங்கிய படம், செத்துப்போனவர் படம் எல்லாம் அவள் கை பட்டுத்தான் சுவரேறின. அவள் வீட்டுச் சுவரில் மட்டும் ஒரு படம்கூடக் கிடையாது. அதே கட்டடத்தில் மாடியில் குடியிருக்கும் நாத்தனார் நான். எனக்குத் தெரியாமல் அந்த வீட்டில் ஒரு டம்ளர்கூட இடம் மாறாது.

அண்ணிக்கு ஒரே மகள். கல்யாணமாகித் தூரத்து ஊருக்குப் போய்விட்டாள். வருஷத்துக்கு ஒரு தடவை வருவாள். காலையில் வந்தால் சாயங்காலம் கிளம்பிவிடுவாள். ராத்தங்கல் எல்லாம் பக்கத்துப் பேட்டையில் இருக்கும் மாப்பிள்ளையின் அக்கா வீட்டில்தான். இங்கே என் அண்ணன் கட்டிலில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுவார், மாப்பிள்ளை நாற்காலியில், மகள் தரையில், அண்ணி அடுப்படியில் நின்றபடியே.

"ஒழுங்கா உக்காந்து சாப்பிட ஒரு எடம் இருந்தா, எம் பொண்ணு நாலு நாள் தங்குவா" என்பாள் அண்ணி. மகள் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. இவளாகப் போட்ட கணக்கு. அந்த நாலு நாளுக்காக அவள் ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல. பஸ்ஸில் யாராவது பெண் தன் அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கினால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பிரேம் போடக் கொடுத்துவிட்டு யாரோ வாங்கிப்போகாத ஓவியம் ஒன்று கடையில் கிடந்தது. கிராமத்து வீட்டுச் சமையலறை. நீலச் சுவர், கதவில்லாத அலமாரியில் வரிசையாகத் தட்டுகள், கொக்கியில் தொங்கும் செம்புப் பாத்திரங்கள், ஜன்னல் வரைக்கும் நீளும் மரமேசை, அதன்மேல் வெள்ளைப் பீங்கான் ஜாடி. மனுஷ வாடையே இல்லை. "எடுத்துட்டுப் போம்மா, எடத்த அடைக்குது" என்று முதலாளி கொடுத்துவிட்டார். அதை வீட்டில் மாட்டிய அன்றைக்கு அண்ணிக்குப் பிடித்தது பித்து.

சமையலறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே இருந்த மரத்தடுப்பைப் பிரித்தெடுத்தாள். ஓவியத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் போய், அதே நீலம் வரும்வரை கடைக்காரரை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டாள். நான் ஏணியைப் பிடித்துக்கொள்ள, சுவர் முழுக்க அவளே அடித்தாள். அலமாரிக் கதவுகளைக் கழற்றும்போது அண்ணன் வாய் சும்மா இருக்குமா?

"ஏன், அதுக்கும் புழுக்கமா இருக்குதா?"

"தட்டெல்லாம் வெளிய தெரியணும். படத்துல அப்படித்தான் இருக்கு."

"படத்துல புருஷனும்தான் இல்ல. என்னையும் கழட்டி வச்சிருவியா?"

"வாய மூடிக்கிட்டு அந்த ஆணிய எடுத்துக் குடுங்க."

கடைசியில் மேசை. எந்தப் படத்தையும் நூல் பிசகாமல் அளப்பவள் என்று அண்ணிக்குத் தன் கைமேல் அபார நம்பிக்கை. ஓவியத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து மேசையை அப்படியே கோடிழுத்தாள். அதை அறைக்குத் தக்கபடி பெரிதாக்கி, பழுப்புக் காகிதத்தில் வெட்டித் தச்சரிடம் கொடுத்தாள். மேசை வந்து இறங்கியதும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தோம். ஒரு முனையில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். மறுமுனை குறுகிக் குறுகி ஒரே ஒரு தட்டு வைக்கத்தான் இடம். படத்தில் எட்டத்தில் இருப்பது சின்னதாகத் தெரியும் என்பதை, காலமெல்லாம் படங்களோடு கிடந்தவள் மறந்துபோனாள். அவளுக்குப் படம் என்றால் நீளம், அகலம், அவ்வளவுதான்.

"நான் அப்பவே கேட்டேன்மா. ஒரு கோடுகூட மாறக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க" என்றார் தச்சர்.

அண்ணி அழப்போகிறாள் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போகட்டும், அந்தப் பக்கம் நான் உக்காந்துக்கறேன். எனக்கு எதுக்கு அவ்ளோ எடம்?"

மகள் வந்தாள். வாசலிலேயே நின்று, "அம்மா, இது நம்ம வீடா?" என்று கத்தினாள். சுவரைத் தடவினாள், படத்தில் உள்ளது போலவே அண்ணி வாங்கி வைத்திருந்த வெள்ளை ஜாடியைத் தூக்கிப் பார்த்தாள், மேசையின் கதையைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அன்றைக்குத்தான் அண்ணி முதல்தடவையாக எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிட்டாள் என்பது பேச்சுக்கு. மகள் முகத்தைவிட்டு அவள் கண் நகரவில்லை. இத்தனை நாள் அடுப்படியில் நின்று எதைத் தவறவிட்டாள் என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

வெயில் இறங்கியதும் மகள் கைப்பையைத் தேடினாள்.

"இன்னைக்கு இங்கயே இருடி. மெத்தையெல்லாம் தட்டி வச்சிருக்கேன்."

"இல்லம்மா. அங்க காத்துட்டிருப்பாங்க. அங்கயே பழகிப்போச்சு."

பழகிப்போச்சு. அவ்வளவுதான் காரணம். மேசையாவது, நாற்காலியாவது!

"அம்மா, அந்தப் படத்த நான் எடுத்துக்கட்டுமா? எங்க வீட்லயும் இதே மாதிரி பண்ணணும்."

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள், அடக்கிக்கொண்டேன். ஓவியத்தை இறக்கி, நாலு மூலைக்கும் அட்டை கொடுத்து, கடையில் கட்டுவதைவிட நேர்த்தியாகக் கட்டினாள். காரில் ஏறிய மகளின் மடியில் வைத்தாள்.

"மேசை செய்யறப்ப என்னை மாதிரி படத்துமேல தாள வைக்காத. ரெண்டு பக்கமும் அகலமா இருக்கட்டும். ஒரு நாற்காலி கூடப் போடு."

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான். நீ இங்க தங்க மாட்ட. நானாவது அங்க வந்து நாலு நாள் இருக்கேன்."

மகள் அம்மாவின் கன்னத்தைத் தொட்டாள். "உடம்பப் பாத்துக்கம்மா" என்றாள். எப்போது வருகிறாய் என்று கேட்பாள் என்று அண்ணி கார்க் கதவைப் பிடித்தபடியே நின்றாள். மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பினார். அண்ணிதான் கையை எடுக்க வேண்டியிருந்தது.