புளி போட்டுத் தேய்த்த எர்த் ஒயர்

என் கடைச் சுவரில், மல்டிமீட்டர் மாட்டும் ஆணிக்குப் பக்கத்து ஆணியில், ஒரு முழ நீளக் கறுப்பு ஒயர் தொங்குகிறது. இரண்டு முனையிலும் பித்தளை வளையம். நடுவில் பிளேடால் நீளவாக்கில் கீறியிருக்கிறேன். கீறிய பக்கம் சுவரைப் பார்த்தபடிதான் எப்போதும் மாட்டுவேன். திருப்பத்தூரில் வண்டிகளுக்கு ஒயரிங் பார்ப்பவன் கடையில் பழைய ஒயர் தொங்குவது அதிசயமில்லை, யாரும் கேட்பதுமில்லை. ஒரே ஒருவர் கேட்டார். அவருக்கு நான் கொடுக்கவில்லை.

மலைமேல் நெல்லிவாசல்நாட்டுக்கு ஷேர் ஜீப் ஓட்டிய, நான் அண்ணன் என்று கூப்பிடும் ஒருவரின் வண்டி ஒயர் அது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்படி மாற்றிவிடுகிற பெட்டியை ட்ரான்ஸ்ஃபர் கேஸ் என்போம். பழைய ஜீப்புகளில் அதற்கென்று தனி லீவர் உண்டு. அண்ணன் வண்டியில் டேஷ்போர்டில் ஒரு குமிழைத் திருப்பினால் போதும், அடியில் ஒரு சின்ன மோட்டார் சுற்றி மாற்றிவிடும். அந்த மோட்டாருக்கு எர்த் கொடுப்பது இந்த ஒயர். செங்குத்தான மேட்டில் குமிழைத் திருப்பினால் சில நாள் மாறாது, டேஷ்போர்டில் லைட் மட்டும் மினுக்கும். அண்ணன் இறங்கி, அடியில் படுத்து, ஒயரை ஓர் ஆட்டு ஆட்டுவார், மாறிவிடும். என் கடைக்கு வந்தாலோ ஒரு குறையும் காட்டாது. "இன்னா தம்பி இது, மலையில அந்தக் கூத்து கூத்தடிக்குது, உன் கடையாண்ட வந்தா மாமியார் வூட்டுக்கு வந்த மருமவனாட்டம் அடங்கிக் கீது" என்று சிரிப்பார்.

கடைசியாக வந்த நாளில் ஒயரைக் கழற்றிக் கையில் கொடுத்தார். வளையம் இரண்டும் குத்துவிளக்கு மாதிரி மின்னின. "வூட்ல புளி போட்டுத் தேச்சுக் குடுத்தா. மாசத்துக்கு ஒருவாட்டி தேய்ப்பா. தேச்சு மாட்டினா நாலு நாளைக்குத் தொந்தரவு இல்ல." மலையில் புளிக்குப் பஞ்சமில்லை, பித்தளை என்றால் புளிதான். நானும், "அக்கா கை பட்டா ஒயர்கூட ஒழுங்காய்டும்ணே" என்றேன். மீட்டரை வைத்தேன், சரியாகக் காட்டியது. மீட்டர் காட்டினால் போதாது என்பது எனக்குத் தெரியும். உறைக்குள் ஒரே ஒரு கம்பி இழை பிழைத்திருந்தாலும் மீட்டர் நல்லதென்றே சொல்லும். பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை அந்த ஒயர் வழியாக எரியவிட்டுப் பார்த்திருந்தால் மங்கி அழுது காட்டிக்கொடுத்திருக்கும். பல்பு மேசை மேலேயே இருந்தது. எனக்கு அவசரம்கூட இல்லை. வளையம் மின்னியது, அதனால் பார்க்கவில்லை. "ஒண்ணும் இல்லண்ணே, தைரியமா போங்க" என்றேன்.

பதினோராம் நாள், மழை பெய்து ஓய்ந்த காலையில், மேட்டுக்குக் கீழே ஆட்களை இறக்கி முன்னால் நடக்கச் சொல்லிவிட்டு, அண்ணன் பாதி மேட்டில் குமிழைத் திருப்பியிருக்கிறார். மோட்டார் பாதி சுற்றி நின்றுவிட்டது. பெட்டி இப்படியும் இல்லாமல் அப்படியும் இல்லாமல் நடுவில் நின்றால், எந்த கியரில் போட்டாலும் சக்கரத்தைப் பிடிக்காது. மலை ஜீப்புகளில் கைபிரேக்கை யாரும் நம்புவதில்லை, முதல் கியரில் போட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். அவரும் அப்படித்தான் இறங்கி, ஒயரை ஆட்ட அடியில் படுத்திருக்கிறார். கைபிரேக் சற்று நேரம்தான் தாங்கியது.

வண்டி என் கடைக்குத்தான் வந்தது. கியர் லீவர் முதல் கியரிலேயே இருந்தது. ஒயரைக் கழற்றிக் கீறினேன். வெளியே அவ்வளவு பளபளப்பு, உள்ளே கம்பியெல்லாம் பச்சையாய்ப் பூத்து உதிர்ந்தது. மாதாமாதம் தேய்த்த புளித்தண்ணீர் உறைக்குள் இறங்கித் தின்றிருக்கிறது. நான் கையைக் கழுவிவிட்டு அடுத்த வண்டிக்கு ஹாரன் மாட்டினேன். அழுகை வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

காரியம் முடிந்து சில நாளில் அண்ணன் வீட்டு அக்கா தனியாகப் பஸ் பிடித்து வந்தார். ஸ்டூலைப் போட்டேன், உட்காரவில்லை.

"நியூட்ரல்ல வுட்டுட்டு எறங்கிட்டாருன்னு ஊர்ல பேசறாங்க தம்பி. அவரு அப்பிடி வுடற ஆளா? நீ சொல்லு, அவரு மேல தப்பா?"

"இல்லக்கா. கியர்லதான் போட்டிருந்தாரு. என் கண்ணால பாத்தேன். யாரு கேட்டாலும் சொல்றேன்."

அவர் முகத்திலிருந்து ஏதோ பாரம் இறங்கியது. பிறகு சுவரில் தொங்கிய ஒயரைக் கண்டுகொண்டார். கிட்டே போய் வளையத்தைக் கட்டை விரலால் தடவினார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"நான் தேச்ச ஒயரு. இதுல ஒண்ணும் கொறை இல்லியே?"

"ஒயரு நல்லாத்தான் இருந்துச்சுக்கா. மோட்டார்ல கோளாறு. நான்தான் சரியா பாக்காம அனுப்பிட்டேன்."

என்னைப் பற்றிச் சொன்ன பாதி மட்டும் உண்மை. அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "இத நான் எடுத்துக்கறேன் தம்பி, அவரு கடைசியா தொட்டது" என்று ஆணியிலிருந்து கழற்றக் கை நீட்டினார். கீறிய பக்கம் திரும்புவதற்குள் நான் குறுக்கே கை வைத்தேன். போலீஸ் கேஸுக்குக் கேட்பார்கள், கொடுக்க முடியாது என்று பொய் சொன்னேன். தலையாட்டிவிட்டு, புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஊரில் இப்போது அண்ணனை யாரும் குறை சொல்வதில்லையாம். கீழே ஒயரிங் பார்த்தவன்தான் கொன்றான் என்கிறார்கள். நெல்லிவாசல்நாட்டு ஜீப்புகள் என் கடை வாசலைத் தாண்டித்தான் போகின்றன, நிற்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் தோன்றவில்லை. எந்த வண்டி வந்தாலும் பல்பை எரியவிட்டுப் பார்த்துத்தான் அனுப்புகிறேன், அதிலும் ஒரு நிம்மதி தோன்றவில்லை. ஆணியில் ஒயர் அப்படியே தொங்குகிறது. வளையங்கள் கறுத்துவிட்டன. அக்கா வியர்த்த விரலால் தடவிய வளையம் கொஞ்சம் கூடுதலாகக் கறுத்திருக்கிறது.