இரஞ்சிதம் அம்மா வரம்பில் நடந்த காலை

நோயாளியைக் கட்டிலில் கிடத்தி வைப்பதுதான் அன்பு என்று எங்கள் சனம் நினைக்கிறது. அந்த நினைப்போடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. நான் கிளிநொச்சிப் பக்கத்தில் வேலை செய்யும் இயன்மருத்துவர். சனத்துக்குப் பிசியோ மிஸ். எலும்பு முறிந்தவர்களையும் பாரிசவாதம் வந்தவர்களையும் மறுபடி நடக்க வைக்க வேண்டும். வீடு தேடிப் போனால், பிஸ்கற் பெட்டியோடு பார்க்க வந்த சொந்தக்காரர் கட்டிலைச் சுற்றி இருந்துகொண்டு, "எழும்பாதேங்கோ, எழும்பாதேங்கோ" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கராயன் இரஞ்சிதம் அம்மா வீட்டிலும் முதல் நாள் அதுதான் நடந்தது. அறுபதைத் தாண்டியவர். கணவர் செத்த பிறகு வயலைத் தனியாகவே செய்தவர். போன மழைக்கு வரம்பில் சறுக்கி விழுந்து இடது இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. முறிந்ததைவிடக் கொடுமை, எழும்ப முடியாமல் காலையிலிருந்து பொழுதுபடும் வரைக்கும் சேற்றில் கிடந்தது. மாடு தேடிப் போன ஒருவர் காணாவிட்டால் ஆள் இல்லை. சத்திரசிகிச்சை செய்து கம்பி வைத்து அனுப்பினார்கள். இடது கால் கொஞ்சம் கட்டையாகிவிட்டது.

ஒரே மகள் தாட்சாயினி வவுனியாவில் குடும்பமாக இருக்கிறாள். லீவு போட்டுவிட்டு வந்து அம்மாவைப் பார்த்தாள். பார்த்தாள் என்றால், கையை விடவே இல்லை. கிணற்றடிக்குப் போனாலும் பிடி, கதிரையில் இருந்தாலும் பிடி. "பிடிக்காதேங்கோ. நீங்கள் பிடிக்கப் பிடிக்க அந்தக் கால் வேலையை மறந்துபோகும்" என்று நான் கத்தாத நாள் இல்லை. ஆனால் அவளைக் குறை சொல்லவும் மனம் வராது. அம்மா சேற்றில் கிடந்த அன்று பகல் முழுக்க அவள் போன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். மணி போயிருக்கிறது, எடுக்க ஆள் இல்லை. அந்தப் பயம் அவளை விடவில்லை.

"அம்மாவை இனித் தனிய விடமாட்டன் மிஸ். என்னோட கூட்டிக்கொண்டு போறன்" என்றாள்.

வவுனியாவில் அவர்கள் இருப்பது மேல்மாடி. இரஞ்சிதம் அம்மா மகள் இல்லாத நேரம் என்னிடம் சொன்னார்: "அங்க போனா நான் கீழ இறங்கமாட்டன் பிள்ளை. யன்னலால றோட்டைப் பாத்துக்கொண்டிருந்தே செத்துப்போவன். என்னை இஞ்சை இருக்கப் பண்ணு."

பண்ணினேன். கதிரையில் கை ஊன்றாமல் எழும்பி இருக்க வைத்தேன். குசினி அடுப்பு மேடையை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க வைத்தேன். முற்றத்தில் கோடு கீறி நடக்க வைத்தேன். திரும்பும்போது இடுப்பைத் திருகாமல் சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்பப் பழக்கினேன். கட்டைக் காலுக்காகச் செருப்பின் அடியில் றப்பர் ஒட்டுவித்தேன். சலித்துப்போன ஒருநாள், "அடிமேல் அடி அடிச்சால் அம்மியும் நகரும் அம்மா" என்றேன்.

"அம்மி நகர்ந்து எனக்கென்ன? கால் நகர வேணும்" என்றார்.

தாட்சாயினிக்குப் பிடிக்காத பயிற்சி ஒன்று இருந்தது. அம்மாவைப் பாயில் படுக்கவைத்து, பக்கம் புரண்டு, முழங்கையை ஊன்றி, தவழும் நிலைக்கு வந்து, நல்ல காலை முன்னுக்கு வைத்து எழும்பப் பழக்குவேன். "உதென்னத்துக்கு? விழுந்தால்தானே எழும்ப வேணும். விழவே விடக்கூடாது" என்றாள்.

"ஆனைக்கும் அடி சறுக்கும். உங்கட அம்மா மட்டும் சறுக்கமாட்டாவோ?" என்று கொஞ்சம் காரமாகவே கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லீவு முடியும் நேரம் அவள் ஒரு முடிவோடு வந்தாள். "சரி. வயலுக்கை இறங்கி வாய்க்கால் மடை வரைக்கும் தனியப் போய்த் திரும்பி வரட்டும். வந்தால் இஞ்சையே இருக்கட்டும். விழுந்தால் என்னோட வவுனியாவுக்கு. வயலைக் குத்தகைக்குக் குடுக்கிறது."

இது என்ன விசர்க்கதை என்று நான் வாய் திறக்க முன்னமே, இரஞ்சிதம் அம்மா, "ஓம்" என்றுவிட்டார்.

மறுநாள் காலை மூவரும் போனோம். பயிர் முழங்காலுக்குக் கீழே நின்றது. வரம்பு ஈரம். வயல் தலைப்பில் இரஞ்சிதம் அம்மா பொல்லை ஊன்றிக்கொண்டு செருப்பைக் கழற்றினார்.

"என்ன அம்மா செய்யிறியள்?"

"விளையிற நிலத்துக்கை செருப்போட போறதோ, பிள்ளை?"

முற்றத்தில் பழகியதெல்லாம் அந்தச் செருப்போடுதான். அது இல்லாவிட்டால் ஒரு கால் ஒரு விரல் தடிப்புக்குக் கட்டை. இந்த ஊரில் நெல் நிற்கும் நிலத்தை யாரும் செருப்பால் மிதிக்கமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும், வெறுங்காலோடும் பழக்க வேண்டும் என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

"போட்டுக்கொண்டு போங்கோ. சாமி கோவிக்காது" என்றேன்.

"சாமி கோவிக்காது. எனக்குத்தான் மனம் கேளாது." சொல்லிக்கொண்டே வரம்பில் காலை வைத்துவிட்டார்.

இடது கால் ஊன்றும் ஒவ்வொரு முறையும் உடம்பு ஒரு பக்கம் சரிந்து நிமிர்ந்தது. தாட்சாயினி பின்னால் பாய்ந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"விடுங்கோ மிஸ்."

"தொட்டால் ரெண்டு பேரும் விழுவியள். நில்லுங்கோ."

பெரிய தைரியசாலிபோல் சொன்னேனே தவிர எனக்கும் பயம்தான். கம்பி வைத்த எலும்பு. இன்னொரு முறிவு வந்தால் அந்த மனுஷி கட்டிலோடுதான். வயதுபோனவர்களுக்கு அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

மடைக்குப் போய்ச் சேர்ந்தார். திரும்புவதுதான் கண்டம். சின்னச் சின்ன அடி வைத்து, பழக்கியபடியே திரும்பினார். நான் மூச்சு விட்டேன்.

பாதி வழி வந்திருப்பார். நண்டு துளைத்த இடத்தில் பொல்லு பொசுக்கென்று இறங்கியது. பொல்லோடு ஆளும் சரிந்து பயிருக்குள் விழுந்தார்.

"அம்மா!" தாட்சாயினி திமிறினாள். நான் இரண்டு கையாலும் அவளை இறுக்கிப் பிடித்தேன். அப்படி ஒரு கொடுமையை நான் யாருக்கும் செய்ததில்லை.

"எங்க நோகுது அம்மா? இடது காலை அசைச்சுப் பாருங்கோ" என்று கூவினேன். நோகுது என்று ஒரு சொல் வந்திருந்தால் நானே முதலில் ஓடியிருப்பேன். பயிர் மட்டும் அசைந்தது.

பிறகு குரல் வந்தது. "நோகேல்லை. கால் அசையுது. ரெண்டு பேரும் அங்கினையே நில்லுங்கோ."

பக்கம் புரண்டார். முழங்கையை ஊன்றினார். பாயில் ஊன்றிய முழங்கை சேற்றில் புதைந்தது. முகம் குப்புற விழுந்தார். தாட்சாயினி அழத் தொடங்கிவிட்டாள். "போதும் மிஸ், கும்பிட்டுக் கேக்கிறன், விடுங்கோ." என் கையும் தளர்ந்துதான் போனது.

அதற்குள் அவர் தவழ்ந்து வரம்பு வரைக்கும் வந்துவிட்டார். இரண்டு முழங்கையையும் வரம்பில் போட்டார். கொஞ்ச நேரம் அப்படியே இளைத்தார். வலது காலைத் தூக்கி வரம்பில் வைத்தார். பொல்லைத் தேடி எடுத்தார். எழும்பினார். மிச்ச வரம்பையும் நடந்து வந்து எங்கள் முன்னால் நின்றார்.

மகள் தன் சால்வையால் அவர் முகத்துச் சேற்றைத் துடைத்தாள். "விழுந்திட்டியள் அம்மா. என்ன கதைச்சனாங்கள்? உடுப்பை அடுக்குவம்."

"ஓம், விழுந்தனான்" என்றார் இரஞ்சிதம் அம்மா. மூச்சு வாங்கியது. "தூக்கினது ஆர்?"

தாட்சாயினி வயல் தலைப்பில் கிடந்த செருப்பை எடுத்து வந்து அம்மாவின் காலடியில் வைத்தாள். பின்னேர பஸ்ஸில் அவள் தனியாகத்தான் வவுனியாவுக்குப் போனாள்.