மூன்று ஜூனிப்பர் காய்கள்

நான் படித்து ஆளானதற்கு அத்தைதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அந்த அத்தைக்கு நான் என்ன செய்தேன் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அத்தை, அப்பாவின் தங்கை. பீளமேட்டில் எங்கள் வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய்த் தாவரவியலில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தார். கல்லூரியில் இமயமலைக்குக் கூட்டிப்போகிறார்கள் என்றதற்கு மில் வேலைக்காரரான அப்பா சம்மதிக்க ஒரு மாதம் ஆனது. எனக்குப் பனிக்கட்டி கொண்டுவருவதாகச் சொல்லி ரயிலேறிய அத்தை கொண்டுவந்தது ஒரு குச்சி.

ஜூனிப்பர் கிளை அது. பெரிய மரங்களெல்லாம் நின்றுபோகிற உயரத்துக்கும் மேலே, பாறையை ஒட்டிப் புதராக வளருமாம். நம் தெற்கத்தி மலைகளில் யாராவது நட்டால்தான் உண்டாம். ஒரே கிளையில் இலை இரண்டு விதமாக இருந்தது. இளசில் ஊசி, முற்றினால் மீன்செதில். அதைச் செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே அம்மிக்குழவியை ஏற்றியிருந்தார். ஈரம் குடித்த தாளைத் தினமும் மாற்ற வேண்டும் என்பதால் அன்றைய பேப்பரும் சில நாள் காணாமல் போகும். "உன்ற செடி படிச்சு முடிச்சா எனக்கும் குடு அம்மணி" என்பார் அப்பா.

கிளையில் மூன்று கருநீலக் காய்கள் இருந்தன. குட்டி நாவல்பழம் போல.

"பழமில்ல கண்ணு. பைன் மரத்துக் காயாட்டந்தான், செதிலெல்லாம் சதை பிடிச்சு ஒட்டிக்கிச்சு. அறுத்து விதையை எண்ணோணும். ஒண்ணே ஒண்ணு இருந்தா ஒரு இனம், நாலஞ்சு இருந்தா வேற இனம்."

பேராசிரியர் முன்னால் அறுப்பதற்காக முழுசாக வைத்திருந்தார். இனத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால் ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்வதாக அவர் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் கல்யாணம் என்பது வீட்டில் பேசாமலே முடிவாகியிருந்தது.

அந்த மூன்றையும் பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். இமயமலைப் பழம் என்றதும் வகுப்பே என்னைச் சூழ்ந்துகொண்டது. ஒன்றைக் கடித்துக் காட்டினேன். டர்பன்டைனைக் குடித்தது போலிருந்தது. துப்பிவிட்டேன்.

சாயங்காலம் அத்தை வெறும் கிளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்பதற்கு முன்பே, "எலிதானுங்க அத்தை" என்றேன். அப்பா உடனே பொறி வாங்கக் கிளம்பினார்.

அவர் வாசலைத் தாண்டியதும் அத்தை கேட்டார்: "அந்த எலி எத்தனை விதை துப்புச்சு கண்ணு?"

"ஒண்ணுங்க."

"மூணு காயிலயுமா?"

"மூணுலயும் ஒண்ணொண்ணுதானுங்க. கடிச்சுப் பாத்தேனுங்க."

"மொதக் காயைக் கடிச்சவன் ரெண்டாவதைத் தொடுவானா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லோணும்."

உண்மையைச் சொன்னேன். மற்ற இரண்டையும் கொடுத்து ஒருவனிடம் பம்பரம் வாங்கியிருந்தேன். அவனும் கடித்துப் பார்க்கப் பயந்து இரண்டையும் சாக்கடையில் வீசிவிட்டான். மறுநாள் விடிந்ததும் அத்தையும் நானும் பள்ளிக்கூட மைதானத்தில் மண்ணைக் கிளறினோம். நான் துப்பிய விதை கிடைக்கவில்லை.

கிளையை ஒட்டிய அட்டையில் அத்தை எழுதினார்: ஒரு காயில் ஒரு விதை, பத்து வயதுப் பையன் கடித்துப் பார்த்தது. மற்ற இரண்டும் அறுக்குமுன் தொலைந்தன.

"மூணுலயும் பாத்ததா எழுதிப்போடுங்க அத்தை, ஆருக்குத் தெரியும்?"

"பாக்காததை எப்படிக் கண்ணு எழுதறது?"

பேராசிரியர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாராம். அப்பாவுக்கு மட்டும் கடைசிவரை எலிதான். நான்தான் என்று அத்தை ஒருநாளும் சொல்லவில்லை. பிறகு கல்யாணமாகி சூலூர்ப் பள்ளியில் ஆசிரியையானார். கல்லூரி முடிக்கும்வரை என்னைத் தன் வீட்டில் வைத்துப் படிக்கவைத்தார். ஆராய்ச்சி இடம் வேறொருவருக்குப் போன கதையை அங்கேதான், அவருடைய கணவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அத்தையிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்த போதெல்லாம் "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். இப்போது அவர் இல்லை.

அந்த இடம் கைவிட்டுப் போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கல்லூரியிலிருந்து வந்த அத்தை, புடவைகூட மாற்றாமல், "வா கண்ணு, போலாம்" என்று பஸ்ஸில் உக்கடம் குளக்கரைக்குக் கூட்டிப்போனார். எனக்குப் பொரி வாங்கிக் கொடுத்துவிட்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில்தான் கூட்டிவந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு பொட்டலம் கேட்டேன். வாங்கிக் கொடுத்தார்.