நாலாம் கம்பத்து மிளகுக்கொடி

கொல்லிமலைக்கு நான் முதலில் போனது குழி தோண்டத்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். போர்வெல் லாரியில் ஏறி ஆந்திரா, ஒரிசா என்று ஆறேழு வருஷம் சுற்றினேன். இரண்டு விரல் நுனி அந்த வேலையில் போயிற்று. பிறகு கோழிப்பண்ணை, செங்கல் சூளை, கரும்பு வெட்டு. ஓர் இடத்தில் ஒரு வருஷம் தாண்டினால் எனக்குக் கால் நிற்காது. மலைச்சரிவில் கம்பம் நட ஆள் வேண்டும், மண்ணைத் தெரிந்தவனாக இருந்தால் நல்லது என்று முள்ளுக்குறிச்சி டீக்கடையில் ஒருவர் சொன்னார். அன்று மத்தியானமே பஸ் ஏறிவிட்டேன்.

இரும்புக் கம்பம், ஆள் உயரத்தைவிட ஒரு முழம் கூடுதல். உச்சியில் சோலார் தகடு, அதன் கீழே டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. மண் நகர்ந்தால் கம்பம் சாயும். எவ்வளவு சாய்ந்தது என்பதைப் பெட்டி செல்போனுக்கு அனுப்பும். போனில் ஒரு வட்டமும் அதற்குள் ஓர் எண்ணும் தெரியும். வட்டம் பச்சையாக இருந்தால் பயமில்லை, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் கீழே வீட்டுப் பக்கம் மாட்டிய சைரன் கத்தும். சரிவு இறங்குவதற்கு முன்னால் ஆட்கள் எழுந்து ஓட நேரம் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

அந்தச் சரிவின் அடியில் ஒரே ஒரு வீடு. புருஷன், பெண்டாட்டி, மூன்று மாடுகள். பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில். காப்பிக்கொட்டை காயவைக்கக் களம் வேண்டும் என்று வீட்டுக்காரர் ஜேசிபி வைத்து வீட்டுக்குப் பின்னால் மலையின் காலை வெட்டியிருந்தார். அடுத்த மழையில், வெட்டுக்கு மேலே, கை நுழைகிற அகலத்துக்கு நிலம் பிளந்தது. அதைப் பார்த்துத்தான் கம்பம் வைக்கிற கம்பெனிக்காரர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். ஐந்து கம்பம் நட்டோம். பிளவுக்குக் கீழே, வீட்டுக்கு நேர் மேலே இறங்கியது நாலாம் கம்பம் மட்டும். மற்றவற்றுக்கு அங்கே பாறை தட்டியது, பக்கத்துக் கெட்டி மண்ணில் நட்டோம். அந்த வீட்டைப் பற்றிச் சொல்லக்கூடியது நாலாம் கம்பம் ஒன்றுதான். அது எனக்கு அன்றே தெரியும்.

முதல் மழை விழுந்த மறுநாள் வீட்டுக்கார அக்கா மேலே ஏறி வந்தார். மடியில் மிளகுக்கொடித் துண்டுகள்.

"ஏனுங்க தம்பி, இந்தக் கம்பம் இனி இங்கயேதானுங்களா?"

"ஆமாங்க்கா. பத்து வருசம் நிக்கும்னு சொல்றாங்க."

"பத்து வருசம் சும்மாவா நிக்கப்போவுது?"

அந்த மலையில் நேராக நிற்கிற எதையும் சும்மா விடமாட்டார்கள். சில்வர் ஓக், பலா, முருங்கை, எல்லாவற்றின் அடியிலும் ஒரு கொடி இருக்கும். கரண்டு கம்பத்தில் ஏறிய கொடியை லைன்மேன் திட்டிக்கொண்டே அறுத்துப் போட்டதையும் பார்த்திருக்கிறேன். அன்று மத்தியானம் அந்த அக்கா வீட்டில்தான் சாமைச்சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் சாப்பிட்டிருந்தேன். "வெச்சுக்கங்க, எனக்கென்ன" என்றேன். கொடி வைக்கக் குழி தோண்டிக் கொடுத்ததும் நான்தான்.

தை மாதம் மலையை விட்டு இறங்கினேன். மறுபடி போர்வெல், மறுபடி ஒரிசா. இரண்டு வருஷம் கழித்து ஓர் ஆடியில், கம்பங்களைப் பார்த்துக்கொண்ட ஆள் வேலையை விட்டுவிட்டான், நீ வருகிறாயா என்று கம்பெனியிலிருந்து போன் வந்தது. செம்மேட்டில் ஓர் அறை எடுத்தேன். பெங்களூரில் உட்கார்ந்து கண்காணிக்கிற இஞ்சினியர் ஒரு சின்ன வயசுப் பெண். நான் மேடம் என்பேன், அவள் அண்ணா என்பாள்.

"வாரம் ஒரு தடவ மேல ஏறித் தகட்டைத் துடைக்கணும் அண்ணா. அவ்ளோதான் வேலை. மீதியை பெட்டி பாத்துக்கும்."

முதல் தடவை ஏறியபோது நாலாம் கம்பத்தில் இரும்பே தெரியவில்லை. கொடி பெட்டியைத் தாண்டித் தகட்டின் விளிம்பைத் தொட்டிருந்தது. இடுப்பு உயரத்திலிருந்தே பச்சைச் சரங்கள் தொங்கின. நான் கொடுவாளை எடுத்ததும் அக்கா ஓடி வந்தார்.

"அட சாமி, கை வெக்காதீங்க! மொதக் காய்ப்பு. பச்சப்புள்ள கழுத்துல அரிவாள வெக்கறாப்பல இருக்குது."

"பொட்டிக்கு வெய்யில் படோணுங்க்கா."

"தகட்டு மேல வர்ற கொழுந்த மட்டும் கிள்ளுங்க. தையில காய் பறிச்சதும் நானே அறுத்துப் போடறேன். சத்தியமா."

கொழுந்தை மட்டும் கிள்ளினேன். வாரம் ஒரு தடவை ஏறிக் கிள்ளினால் போதும் என்றுதான் நினைத்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு வாரம் ஏறினேன். மூன்றாவது வாரம் வழுக்கி விழுந்து முட்டி வீங்கிற்று. அதற்குப்பின் ஏறவில்லை. செம்மேட்டு அறையில் கட்டிலில் இருந்தபடி போனைப் பார்த்தேன். நாலாம் கம்பம் பச்சை. 2.1. முட்டி சரியான பின்னும் ஏறவில்லை. பச்சையாக இருக்கிற ஒன்றைப் பார்க்க எதற்குச் சேற்றில் ஏற வேண்டும்?

வீட்டுக்கு மட்டும் போய் வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் அக்காவின் புருஷன், அந்த அண்ணன், முன்கதவைக் கழற்றிப் படுக்கப்போட்டு இழைப்புளி பிடித்துக்கொண்டிருந்தார். நிலையில் கதவு பிடிக்கிறதாம்.

"போன வாரந்தான் இழைச்சேன். மறுக்காப் பிடிக்குது. மழையில மரம் ஊதுமுங்க" என்றார்.

அடுத்த தடவை போனபோது களத்துச் சிமெண்டின் ஓரம் ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கியிருந்தது. வீட்டுக்குப் பக்கத்து ஊற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. இதையெல்லாம் பார்க்காமல் இல்லை. ஒவ்வொரு தடவையும் பையிலிருந்து போனை எடுத்தேன்.

"பச்சைதானுங்களே?" என்பார் அண்ணன்.

"பச்சைதாங்ணா."

"அப்பறமென்ன? பொட்டியே சொல்லிருச்சு. ஏ புள்ள, தம்பிக்குக் காப்பி வை."

பிறகு ஒரு காலை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா காலிக் குடத்தோடு வாசலில் நின்றிருந்தார்.

"ஊத்து நின்னுபோச்சுங்க தம்பி."

"மழையிலயா?"

"அதானுங்க. இத்தன வருசத்துல கோடையிலகூட நின்னதில்ல."

மண்ணுக்குள் தண்ணீர் தேடுவதுதான் என் பழைய தொழில். ஓர் இடத்தில் தண்ணீர் நின்றால் அது வற்றிவிட்டது என்று அர்த்தமில்லை, வேறெங்கோ வழி கண்டுபிடித்துப் போகிறது. இத்தனை மழைத் தண்ணீர் எங்கே போகிறது? அண்ணாந்து சரிவைப் பார்த்தேன். மஞ்சு மூடியிருந்தது. போனை எடுத்தேன். பச்சை. 2.1.

நேற்றும் 2.1. முந்தாநாளும் அதே. மற்ற கம்பங்களின் எண் காற்றுக்கும் குளிருக்கும் கொஞ்சம் ஏறி இறங்கும். இது அசையவே இல்லை. எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஏதோ இருந்தது. எனக்கு இங்கிலீஷ் வராது, அதனால் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. அன்று கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன். தேதி. பதினோரு நாளைக்கு முந்தைய தேதி. தேதியைப் படிக்க இங்கிலீஷ் தேவையில்லை. பெட்டி செத்துப் பதினோரு நாளாயிற்று. அது கடைசியாகச் சொன்ன சொல்லைத்தான் நான் தினமும் வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கொடுவாளோடு மேலே ஏறினேன். தகட்டின்மேல் வெற்றிலை அளவு இலைகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. எதையும் யோசிக்காமல் வெட்டினேன். அடியில் ஒரு வெட்டு, நடுவில் ஒரு வெட்டு. நனைந்த கொடி ஒரு மூட்டைக் கனத்தோடு சரிவில் விழுந்தது. பிறகுதான் மேடத்துக்குப் போன் செய்தேன்.

"இங்க லிஸ்ட்ல சாம்பல் நிறமா காட்டுது அண்ணா. மழைக்காலத்துல பாதிக் கம்பம் அப்படித்தான், சார்ஜ் இறங்கிடும். நாப்பது சரிவு பாக்குறேன். நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னு..." என்றவள் பேச்சை மாற்றினாள். "பவர் பேங்க் இருக்கா?"

இருந்தது. அவள் சொன்னபடி பெட்டியைத் திறந்து ஒயரைச் சொருகினேன். முதுகால் மழையை மறைத்துக்கொண்டு நின்றேன். சின்ன விளக்கு மினுக்கியது. போனில் வட்டம் ஒருமுறை சுற்றிச் சிவப்பானது. 8.7.

கீழே சைரன் கத்தும் என்று காத்திருந்தேன். மழைச் சத்தம் மட்டும்தான்.

"சைரன் கத்தலீங்களே மேடம்."

"நான் இங்கேர்ந்து நிறுத்தி வெச்சிருக்கேன். போன வருஷம் மாடு கம்பத்த முட்டி, சைரன் கத்தி, பெரிய பிரச்சினை ஆச்சு. இருங்க. கம்பம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?"

"கீழ்ப்பக்கமுங்க."

"கொடி எந்தப் பக்கம் தொங்குச்சு?"

"அதுவும் கீழ்ப்பக்கந்தாங்க."

"அப்ப மலை தள்ளுச்சா, கொடி இழுத்துச்சான்னு எப்படித் தெரியும்? அறுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ அளந்திருக்கலாமே அண்ணா."

நாளை மறுநாள் ஆள் வரும், அதுவரை வீட்டில் யாரும் இருக்க வேண்டாம், ஆனால் சைரன் அடித்து ஊரைக் கூட்ட முடியாது என்றாள்.

கீழே போய் உள்ளதைச் சொன்னேன். நான் மேலே ஏறாமல் இருந்ததையும் சேர்த்தே சொன்னேன். அக்காவுக்கு முதலில் கொடிதான் காதில் விழுந்தது.

"அறுத்துட்டீங்களா?"

"அறுத்துட்டனுங்க்கா."

"மொதக் காய்ப்பு" என்றார். பிறகு, "பதினோரு நாளாவா?"

அண்ணன் சிரித்தார். "கம்பத்துக்கு இடுப்புவலி வந்ததுக்கு நாங்க ஊட்ட உட்டுப் போவோணுமா? மாட்ட ஆரு கறப்பா? நீங்களா?"

"கறக்கறனுங்ணா. மொதல்ல கெளம்புங்க."

"ஏனுங்க, வாங்க போலாம்" என்றார் அக்கா. அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்றுக்குத்தான் அண்ணன் எழுந்தார், எனக்காக இல்லை. மாடுகளையும் ஓட்டிக்கொண்டு செம்மேட்டில் இருந்த அண்ணனின் தங்கை வீட்டுக்குப் போனோம்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் வெயில் அடித்தது. கம்பெனியிலிருந்து இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். கம்பத்தைத் தட்டிப் பார்த்தார்கள், பிளவைப் படம் எடுத்தார்கள், புதுத் தகடு மாட்டினார்கள். பிறகு ஒருவர் மடிக்கணினியில் ஏதோ அழுத்தினார். போனில் சிவப்பு போய்ப் பச்சை வந்தது. நடுவில் 0.0.

"கம்பம் நேராயிருச்சுங்களா சார்?"

"கம்பம் அப்படியேதான் இருக்கு. எதனால சாஞ்சதுன்னு தெரியாததால இன்னைலேர்ந்து புதுசா எண்ண ஆரம்பிக்கறோம். இனிமே நகர்ந்தா தெரிஞ்சிரும்."

கம்பம் சாய்ந்துதான் நின்றது. அந்தச் சாய்வுக்கு நேர் என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வேறு என்ன செய்ய முடியும் என்று எனக்கும் தெரியவில்லை. தாலுகா ஆபீஸில் ஒரு மனு கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அண்ணன் அன்று சாயங்காலமே மாடுகளோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அக்காவிடம் போனைக் காட்டி விவரம் சொன்னேன். அவர் அந்த 0.0 மேல் விரலை வைத்தார்.

"அப்ப இதுவரைக்கும் சாஞ்சது?"

"அது கணக்குல இல்லீங்க்கா."

மறுநாள் அக்கா பாயையும் சட்டிபானையையும் எடுத்துக்கொண்டு ஓடைக்கு அக்கட்டால், எதிர்க்கரையில், தங்கள் மரவள்ளிக் காட்டில் இருக்கும் சாளைக்குக் குடிபோனார். காவலுக்குப் போட்ட கீற்றுக் கொட்டகை அது. நான் மேலே கூரைக்குத் தார்ப்பாய் கட்டிக் கொடுத்தேன். எவ்வளவு கூப்பிட்டும் அண்ணன் வரவில்லை. "கட்டுன ஊட்ட உட்டுட்டுச் சாளையில நாய் மாதிரி சுருண்டு படுக்கச் சொல்றியா?" என்றார். சோறு மட்டும் ஓடை தாண்டிப் போயிற்று.

நான் இப்போது தினமும் ஏறுகிறேன். ஏறி என்ன, தேதியைப் பார்க்கிறேன், தகட்டைத் துடைக்கிறேன். எண் 0.4 ஆயிற்று, பிறகு 0.6. மேடத்தைக் கேட்டால் கம்பம் மண்ணில் செட்டாகிறது என்கிறாள். இருக்கலாம். எண் பச்சையில்தான் இருக்கிறது.

விடிந்ததும் அக்கா சாளைக்கு வெளியே வந்து நின்று ஓடைக்கு அப்பால் பார்த்துக் கூப்பிடுவார். அண்ணன் ஒரு குரல் கொடுப்பார். அதற்குப் பிறகுதான் அடுப்புப் பற்றும். அண்ணனுக்கு இது விளையாட்டாகிவிட்டது. சில நாள் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருப்பார்.

கார்த்திகையில் ஒரு காலை நானும் சாளை வாசலில் நின்றிருந்தேன். இரவெல்லாம் மழை. ஓடைக்கு அப்பால் மஞ்சு, வீடு தெரியவில்லை, சரிவும் தெரியவில்லை.

"ஏனுங்க!"

பதில் இல்லை.

"ஏனுங்கோவ்!"

மாடும் கத்தவில்லை. அக்கா ஓடையின் கரைவரை போய்விட்டார். நான் போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டபடியே அவர் தண்ணீரில் இறங்கிவிட்டார்.

"என்னடி, மல வந்துருச்சா?" என்று மஞ்சுக்குள்ளிருந்து அண்ணன் கேட்டார். பிறகு அவருடைய சிரிப்பு.

அக்கா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. சேலை நனைய ஓடைத் தண்ணீரில் நின்றபடி, "இன்னொருக்காப் பேசுங்க" என்றார்.