அப்பாவிடம் அவர் கேட்டது

பக்கவாதத்தால் பேச்சிழந்த அப்பாவைக் கவனிக்க வீட்டோடு ஓர் ஆள் வேண்டுமென்று, பட்டிமன்றத்தில் பழகிய நாவால் அம்மாவிடம் வாதாடி வென்றிருந்தேன். அதற்காக முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வந்த அம்மையார் மெலிந்தவர், நரைத்த தலையர். நோயாளியின் தோலைக் கீறுமென்று, உள்ளே நுழைந்ததுமே கண்ணாடி வளையல்களைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார்.

நான் கேள்விகளை அடுக்கத் தொடங்கினேன்.

"இரு தம்பி, நீயே பேசிகினு கீறியே!" என்றவர் அப்பாவின் முகத்தருகே குனிந்தார். "இன்னா நைனா, நான் இந்த ஊட்லயே தங்கி உன்னப் பாத்துக்கவா? ஒனுக்குச் சம்மதமா?"

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, வேண்டாமென்று மெல்லத் தலையசைத்தார்.

"அவருக்கு இஷ்டமில்ல தம்பி. நீங்க யாரும் கேக்கவே இல்லியா?"

வளையல்களை மாட்டிக்கொண்டு அவர் படியிறங்கினார். வேலை தேடி வந்தவர், அது கைநழுவக்கூடுமென்று அறிந்தும் கேட்ட அந்தக் கேள்வி, உரிமைகளைப் பற்றி மேடைதோறும் முழங்கிய எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்க நாணி, அந்த அம்மையார் போன வாசலையே பார்த்து நின்றேன்.