தமிழ்க்கட்டை

தைல மரத்தின் வாசனை மற்றவர்களுக்கு மூக்கடைப்பைத் திறக்கும். எனக்குத் தொண்டையை அடைக்கும். கொடைக்கானலில் நான் படித்த விடுதிப் பள்ளியில், தமிழ் பேசி மாட்டிக்கொண்டவளின் கழுத்தில் அந்த மரத்துண்டு ஒன்றைச் சணல் கயிற்றில் கோத்துத் தொங்கவிடுவார்கள். நாங்கள் அதற்கு வைத்த பெயர் "தமிழ்க்கட்டை". இன்னொருத்தி தமிழ் பேசுவதைப் பிடித்தால் அவள் கழுத்துக்கு மாற்றிவிடலாம். மாலை மணியடிக்கும்போது யார் கழுத்தில் கிடக்கிறதோ அவளுக்கு, குளிரில் விறைத்த உள்ளங்கையில் ஆறு பிரம்படி. பாச்சலூரிலிருந்து என்னைக் கொண்டுவந்து விட்ட அப்பாவோ, "அடியாத மாடு படியாதுங்க" என்று வார்டனிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கட்டையைப் போட்டவள் அருகில் வந்தால் யார் வாயைத் திறப்பார்கள்? அதனால் கட்டை எங்கள் கழுத்தில் கிடந்தால் பக்கத்திலிருப்பவளைக் கிள்ளுவோம், காம்பஸ் முள்ளால் குத்துவோம். எவ்வளவு இங்கிலீஷ் படித்தாலும் வலி வந்தால் வாய் "அம்மா" என்றுதான் அலறும் என்பது எட்டு வயதிலேயே எங்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒருநாள் மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் கட்டை என் கழுத்தில். என் உயிர்த்தோழி ஜெயந்தி, அட்டுவம்பட்டிக்காரி, வகுப்பறைக் கதவின் நிலையில் கைவைத்து நின்றிருந்தாள். கதவை ஓங்கி அறைந்து சாத்தினேன். "ஐயோ அம்மா, எங் கையி!" என்று அவள் அலற, நகம் பிய்ந்து ரத்தம் கொட்டிய விரலைக்கூடப் பார்க்காமல் கயிற்றை அவள் கழுத்தில் மாட்டினேன். காயம்படாத கையில் ஆறு அடியையும் வாங்கிக்கொண்டு வந்தவள், "ஏண்டி, கேட்டிருந்தா நானே ரெண்டு வார்த்த பேசியிருப்பேன்ல?" என்றாள். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அடுத்தது என்னைத்தான் குத்துவார்கள் என்ற பயத்தில், குளியலறையில் ஒளிந்து தொடையில் முள்ளைக் குத்திக் குத்தி அந்தச் சொல்லை விழுங்கப் பழகினேன். நன்றாகவே பழகிவிட்டேன். பிள்ளை பெற்றபோது, "அம்மான்னு கத்துங்க தாயி, பிள்ள வெரசா வந்துரும்" என்று நர்ஸ் கெஞ்சியும், புறங்கையை ரத்தம் வரக் கடித்தேனே தவிர, சொல் வரவில்லை. வலியும் பயமும் பேச்சும் மூளைக்குள் பின்னிக் கிடப்பவை, ஒன்றை அடித்துப் பழக்கினால் மற்றதும் சேர்ந்தே இறுகிவிடும் என்றார் டாக்டர். வெளியே நின்றிருந்த அம்மா, "எம் பிள்ள என்னைய ஒருக்காக்கூடக் கூப்பிடலையே" என்று அழுதாளாம்.

இப்போது அந்தப் பள்ளியில் கட்டை கிடையாது. பிள்ளைகள் வாசலில் தமிழில் சண்டை போட்டுக்கொண்டு போகிறார்கள். கேட்கப் பொறாமையாக இருக்கிறது. நேற்று குக்கர் ஆவி முழங்கை வரை சுட்டுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு குழாயடியில் நின்றேன். அம்மா அடுத்த அறையில்தான் இருந்தாள். கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பாள்.