ஜெராக்ஸ் அக்கா வாங்காத பட்டங்கள்

அந்த அரசு ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தின் வாசலில் நகலெடுக்கும் கடை வைத்திருந்தவளை எல்லாரும் ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தலை நரைத்த பேராசிரியர்கள்கூட அப்படித்தான். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கல்யாணம், குழந்தை என்று ஆகிவிட்டவள்.

ஒரு விடுமுறை நாளில், பல்கலைக்கழகத்தின் அறிமுகக் கையேட்டுக்குப் படம் எடுக்க ஆள் வந்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மாணவர்கூட இல்லை. கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, ரெண்டே நிமிஷம். இந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கிட்டு இந்தக் கண்ணாடிக் குழாயை உத்துப் பாருங்க."

"உள்ள என்னங்க இருக்கு?"

"வெறும் டீத்தண்ணிதான்."

உயிர்வேதியியல் முதுகலைப் பக்கத்தில் ஜம்மென்று வந்துவிட்டாள். முகராசியோ என்னவோ, அதற்குப் பிறகு அவளை விடவே இல்லை. ஹெல்மெட் மாட்டிக் கட்டடப் பொறியியல், தடித்த புத்தகத்தோடு தத்துவம், மரத்தடியில் சிரித்தபடி மேலாண்மை. மாமியார் அந்தக் கையேட்டை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். எலக்ட்ரீஷியனான கணவர் மட்டும், "டாக்டரம்மா, சாப்பாடு போடறீங்களா?" என்று வம்பிழுப்பார்.

மாணவர் சேர்க்கை நாளன்று மாட்டிக்கொண்டாள். மகளின் சான்றிதழை நகலெடுக்க வந்த ஒரு அப்பா, கையேட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, இது நீங்கதானே?"

"ஆமாங்க."

"இதுவும்?"

"அதுவும் நான்தாங்க."

"இத்தனை படிச்சும் ஜெராக்ஸ் கடைதானா?"

அவள் விளக்க வாயைத் திறப்பதற்குள் மகளை இழுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். பேச்சு காட்டுத்தீயாகப் பரவி, மதியத்துக்குள் சேர்க்கை வரிசையே கலைந்து போனது.

பதிவாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"யாராவது கேட்டா, சொந்தமா தொழில் நடத்துற முன்னாள் மாணவின்னு சொல்லிடும்மா. அடுத்த கையேட்டுல சாதனையாளர் பக்கத்துல போட்டுடறோம்."

அவளுக்குச் சுருக்கென்றது. டீத்தண்ணியை உற்றுப் பார்த்தபோது வராத கூச்சம் இப்போது வந்தது.

"படிக்காமலே முன்னாள் மாணவி ஆகறதுக்குப் பதிலா, என்னை நிஜமாவே சேர்த்துக்கோங்க சார். மாலை வகுப்பு இருக்குல்ல?"

கையேட்டில் இருப்பவர் படிக்க வருவதற்கு முன்னுதாரணம் இல்லை என்று பதிவாளர் ஒரு குழு அமைத்தார். குழு பல முறை கூடி, பள்ளிப் படிப்பை முடித்த யாரும் விண்ணப்பிக்கலாம் என்று கண்டுபிடித்தது. விண்ணப்பத்தின் முதல் வரியே அதுதான்.

பொருளாதார இளங்கலையில் சேர்ந்தாள். முதல் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். வீடு திரும்பியதும், கிண்டலை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கணவர் ஆவலாகக் கேட்டார்.

"என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

"பல்கலைக்கழகம் எவ்வளவு பெருசு, உலகத்துல எத்தனாவது இடம், என்னென்ன படிப்பு இருக்குன்னு சொன்னாங்க."

"அப்புறம்?"

"அதுக்குள்ள நேரமாயிடுச்சு. பாடம் அடுத்த வாரமாம்."

சொல்லிவிட்டு, நூலகத்திலிருந்து எடுத்து வந்த பொருளாதாரப் புத்தகத்தைப் பிரித்து, முதல் பாடத்தைத் தானே படிக்க ஆரம்பித்தாள்.